அமெரிக்க பிரசிடென்ட் தேர்தல்ல ஒரு கிறிஸ்தவர் எதை வச்சு ஓட்டு போடணும்?

பிரதர், நீங்க ஒரே மூச்சுல மூணு கேள்வி கேட்டிருக்கீங்க. சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு, 2028-ல முதல் தடவையா பிரசிடென்ட் ஓட்டு போடப் போறேன், வேட்பாளரோட விசுவாசத்தை பாக்கணுமா, நடத்தையை பாக்கணுமா, இல்ல கருக்கலைப்பு மாதிரி ஒரே விஷயத்தை வச்சு முடிவு பண்ணிடலாமாங்கறது முதல் கேள்வி. ஒரே பைபிளை படிக்கிற வெள்ளைக்கார சபையும் கறுப்பர் சபையும் ஏன் நேரெதிரா ஓட்டு போடுறாங்கங்கறது ரெண்டாவது. பாஸ்டர் கை காட்டுற ஆளுக்கு போடலேன்னா பாவமாங்கறது மூணாவது. மூணாவதுக்கு இப்பவே சொல்லிடறேன், பாவம் இல்லவே இல்ல. மத்த ரெண்டுக்கும் வரலாறு கொஞ்சம் சொல்லாம பதில் வராது, அதனால நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல சட்டம். அமெரிக்க அரசியல் சாசனத்தோட 6-வது பிரிவுல, எந்த அரசுப் பதவிக்கும் மதத்தை ஒரு தகுதியா வைக்கக்கூடாதுனு தெளிவா இருக்கு. ஆனா அது அரசாங்கத்தை கட்டுப்படுத்துற சட்டம், ஓட்டு போடுற ஆளோட மனசை இல்ல. நீங்க வேட்பாளரோட விசுவாசத்தை பாக்கலாம், பாக்காமயும் விடலாம், யாரும் கேக்க முடியாது. ஜனங்க பாத்துட்டுதான் இருந்திருக்காங்க, 1800 தேர்தல்லயே ஜெஃபர்சன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்னு சொல்லி, தேவனும் பக்தியுள்ள ஜனாதிபதியும் வேணுமா இல்ல தேவனே வேண்டாம்னு ஜெஃபர்சன் வேணுமானு எதிர்க்கட்சிப் பத்திரிகை எழுதுச்சு. அவர் ஜெயிச்சார்.

1928-ல அல் ஸ்மித்ங்கற கத்தோலிக்கர் நின்னு தோத்தார், போப் வாஷிங்டனை ஆளப் போறார்ங்கற பிரச்சாரத்துக்கு அந்த தோல்வியில பங்கு உண்டு. 1960-ல கென்னடி நின்னப்போ அதே பயம் திரும்ப வந்துச்சு, பேர் பெற்ற ப்ராட்டஸ்டன்ட் போதகர்கள் ஒண்ணு கூடி அறிக்கையே விட்டாங்க. கென்னடி செப்டம்பர் 12-ம் தேதி ஹூஸ்டன்ல போதகர்கள் கூட்டத்துக்கு நேரா போய், நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்ல, டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர், கத்தோலிக்கராவும் இருக்கேன், அவ்வளவுதான்ங்கற மாதிரி பேசினார். அந்த வருஷத்துல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது வேற ஒரு சம்பவம். மார்ட்டின் லூதர் கிங்கோட அப்பா பாப்டிஸ்ட் போதகர், கத்தோலிக்கர்ங்கற காரணத்துக்காக கென்னடிக்கு எதிரா இருந்தவர். அக்டோபர்ல மகன் ஜெயில்ல கிடந்தப்போ கென்னடி அந்த மகனோட மனைவிக்கு போன் பண்ணி ஆறுதல் சொன்னார், அப்பா மனசு மாறிட்டார், கென்னடிக்குதான் ஓட்டுனு வெளிப்படையா சொல்லிட்டார். எந்த சபையைச் சேர்ந்த ஆள்ங்கற கேள்வி போய், கஷ்டத்துல இருக்குறவன்கிட்ட எப்படி நடந்துக்கிட்டார்ங்கற கேள்வி அந்த இடத்துக்கு வந்துச்சு.

அடுத்தது 1976, 1980. இந்த ரெண்டு தேர்தலையும் சேர்த்து படிச்சா உங்க முதல் கேள்விக்கு பாதி பதில் கிடைச்சிடும். ஜிம்மி கார்ட்டர் சதர்ன் பாப்டிஸ்ட் (அமெரிக்காவுலயே பெரிய ப்ராட்டஸ்டன்ட் சபைப் பிரிவு), ஜார்ஜியாவுல ப்ளெய்ன்ஸ்ங்கற சின்ன ஊர்ல சண்டே ஸ்கூல் நடத்துனவர், மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன் நான்னு பகிரங்கமா சொன்னவர், நியூஸ்வீக் பத்திரிகை 1976-ஐ எவாஞ்சலிக்கல்களோட (மறுபிறப்பையும் பைபிளையும் அழுத்தி சொல்ற ப்ராட்டஸ்டன்ட்கள்) வருஷம்னே எழுதுச்சு. நாலே வருஷத்துல அதே எவாஞ்சலிக்கல்கள்ல பெரும்பாலானவங்க ரீகன் பக்கம் போயிட்டாங்க. ரீகன் விவாகரத்து ஆனவர், ஹாலிவுட் நடிகர், கலிஃபோர்னியா கவர்னரா இருந்தப்போ 1967-ல கருக்கலைப்பு சட்டத்தை தளர்த்துற மசோதாவுல கையெழுத்து போட்டவர் (அப்புறம் அதுக்கு வருத்தப்பட்டார்). 1980 ஆகஸ்ட்ல டல்லாஸ்ல ஆயிரக்கணக்கான போதகர்கள் முன்னாடி நின்னு, நீங்க என்னை ஆதரிக்க முடியாதுனு தெரியும், ஆனா நான் உங்களை ஆதரிக்கிறேன்னு சொன்னார், அரங்கம் அதிர்ந்துச்சு. அதாவது தனிப்பட்ட பக்தியா, நமக்கு வேண்டிய கொள்கையானு தராசுல வச்சு, கொள்கைதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாங்க. இதை தப்புனு நான் சொல்ல மாட்டேன். நல்ல விசுவாசி நல்ல நிர்வாகியா இருப்பார்ங்கறதுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல, இதை சபைக் கமிட்டியில உக்காந்த யாரும் ஒத்துப்பாங்க.

கருக்கலைப்பு விஷயத்துக்கு வரேன். இதுல என் நிலைமையை முதல்ல சொல்லிடறேன், கருவுல இருக்குறது ஒரு பிள்ளை, ஒரு உயிர்னு நம்புறவன் நான். ஆனா அமெரிக்க எவாஞ்சலிக்கல்கள் ஆதியிலிருந்து இதுல உறுதியா இருந்தாங்கனு இன்னைக்கு சொல்றாங்களே, அது உண்மை இல்ல. உறுதியா இருந்தவங்க கத்தோலிக்கர்கள். சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு 1971-ல போட்ட தீர்மானத்தை எடுத்து பாருங்க, பலாத்காரம், கருவுல கடுமையான குறைபாடு, தாயோட உடல் நலம், மன நலம் இதுக்கெல்லாம் கருக்கலைப்பை அனுமதிக்கிற சட்டத்துக்கு உழைக்கணும்னு இருக்கும். 1973-ல நாடு முழுக்க கருக்கலைப்பை உரிமையாக்கின ரோ வழக்கு தீர்ப்பு வந்தப்போகூட அவங்க பக்கம் பெரிய கொந்தளிப்பு ஏதும் இல்ல. அவங்க தலைவர்களை முதல்ல உசுப்பினது வேற விஷயம், நிறவெறியோட நடத்துன தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் காலேஜ்களுக்கும் வரிவிலக்கை அரசு புடுங்க ஆரம்பிச்சது. பாப் ஜோன்ஸ் யுனிவர்சிட்டி அப்படித்தான் வரிவிலக்கை இழந்துச்சு, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1983-ல 8-க்கு 1-னு தோத்துச்சு. 1965-ல போதகர்களுக்கு அரசியல் வேலை இல்ல, ஆத்தும ஆதாயம்தான் வேலைனு கறுப்பர் உரிமைப் போராட்டத்தை குறை சொல்லி பிரசங்கம் பண்ண ஜெர்ரி ஃபால்வெல்ங்கற போதகர், 1979-ல மாரல் மெஜாரிட்டினு அரசியல் அமைப்பையே ஆரம்பிச்சார். எது எவ்வளவு காரணம்னு வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுறாங்க, கருக்கலைப்பை பாத்து உண்மையாவே மனசு உடைஞ்சு வந்த சாதாரண விசுவாசிகள் ஏராளம், அவங்களை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். நான் சொல்ல வர்றது, முதல் பிரச்சனைனு இன்னைக்கு சபை சொல்றது எப்பவுமே முதல் பிரச்சனையா இருந்ததில்ல, அரசியல்வாதிகளும் சேர்ந்துதான் அந்த வரிசையை போட்டாங்க, அதனால அந்த வரிசையை நீங்க கேள்வி கேக்கறது அவிசுவாசம் ஆகாது.

இப்ப நடத்தை. இங்கதான் எனக்கு உண்மையாவே வலிக்கிற இடம். 1998-ல பிரசிடென்ட் கிளின்டனோட பெண் விவகாரம் நாறிக்கிட்டு இருந்தப்போ, சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு சால்ட் லேக் சிட்டியில கூடி, பொதுப் பதவியில இருக்குறவங்களோட ஒழுக்கம் பத்தி ஒரு தீர்மானம் போட்டுச்சு. தலைவர்களோட பெரிய தப்பை சகிச்சுக்கிட்டா சமுதாயத்தோட மனசாட்சி மரத்துப்போகும், அக்கிரமம் பெருகும், தேவனோட நியாயத்தீர்ப்பு நிச்சயம் வரும்னு அதுல இருக்கு. அருமையான தீர்மானம், நான் இன்னைக்கும் கையெழுத்து போடுவேன். 2016-ல என்ன ஆச்சு? அக்டோபர்ல ட்ரம்ப் பெண்களைப் பத்தி பேசின அந்த டேப் வெளிய வந்துச்சு, நவம்பர்ல வெள்ளை எவாஞ்சலிக்கல்கள்ல 81 சதவீதம் பேர் அவருக்கு போட்டாங்கனு வாக்குச்சாவடி கருத்துக்கணிப்பு சொல்லுச்சு. தனி வாழ்க்கையில ஒழுக்கம் தவறினவர் பொதுப் பணியில நேர்மையா இருக்க முடியுமானு பிஆர்ஆர்ஐ ங்கற ஆய்வு அமைப்பு 2011-ல கேட்டப்போ, முடியும்னு சொன்ன வெள்ளை எவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். 2016-ல அதே கேள்விக்கு 72 சதவீதம். அஞ்சு வருஷத்துல பைபிள்ல ஒரு வசனமும் மாறல. வேட்பாளர்தான் மாறினார். நீதிமொழிகள் 20:10-ல வெவ்வேறான நிறைகல்லும் வெவ்வேறான மரக்காலும் கர்த்தருக்கு அருவருப்புனு இருக்கே, சந்தைக்கு மட்டும் சொன்ன வசனம்னு நான் நினைக்கல, எதிர்க்கட்சிக்காரன் பாவத்தை எடை போட ஒரு கல்லும் நம்ம கட்சிக்காரன் பாவத்தை எடை போட இன்னொரு கல்லும் வச்சிருக்கறதும் அதேதான்.

ஆனா அந்த 81 சதவீதத்தை மொத்தமா மாய்மாலக்காரங்கனு தள்ளிடாதீங்க, அது நியாயம் இல்ல. அவங்க பக்கத்துல இருந்து பாருங்க, 2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஸ்கலியா இறந்துட்டார், நாற்காலி காலியா கிடக்கு, ஜெயிக்கிறவர் நிரப்பப் போறார், ஹிலாரி வந்தா கருக்கலைப்பு சட்டம் இன்னும் ஒரு தலைமுறைக்கு அசையாது, ட்ரம்ப் நீதிபதிகள் பட்டியலையே முன்கூட்டி வெளியிட்டார். மனசு கஷ்டத்தோட, மூக்கை பொத்திக்கிட்டு ஓட்டு போட்ட எத்தனையோ தாய்மாருங்க உண்டு. அவங்க கேட்டது நடந்துச்சும், மூணு நீதிபதிகளை ட்ரம்ப் நியமிச்சார், 2022 ஜூன் 24-ல டாப்ஸ் தீர்ப்பு ரோவை ரத்து பண்ணுச்சு. ஒரு கொள்கைக்காக போட்ட ஓட்டு அந்த கொள்கையை ஜெயிச்சு கொடுத்துச்சுன்னா அந்த ஓட்டுக்கு அர்த்தம் இருக்குனுதான் சொல்லணும். வேய்ன் க்ரூடெம்ங்கற இறையியல் பேராசிரியர் 2016 ஜூலையில ட்ரம்புக்கு போடறது ஒழுக்கரீதியா நல்ல தேர்வுனு எழுதினார், டேப் வந்ததும் அதை வாபஸ் வாங்கினார், சில நாள்லயே கொள்கைகளுக்காக அவருக்குத்தான் போடணும்னு திரும்ப எழுதினார், அந்த ஒரு மனுஷனோட தடுமாற்றத்துல லட்சக்கணக்கான விசுவாசிகளோட தடுமாற்றம் தெரியுது. எனக்கு பிரச்சனை அந்த ஓட்டு இல்ல. ஓட்டு போட்ட கையோட, அவர் செஞ்சதெல்லாம் தப்பே இல்லனு வாயும் பேச ஆரம்பிச்சது பாருங்க, அதுதான். தீமை குறைஞ்ச ஆளுனு தேர்ந்தெடுத்தவங்க, ரெண்டு வருஷத்துல தேவன் அனுப்பின ஆளுனு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

அதுக்கு கொண்டு வந்த வசனம் கோரேசு ராஜா. ஏசாயா 45-ல தேவன் ஒரு புறஜாதி ராஜாவை அபிஷேகம் பண்ணினவர்னு கூப்பிடுறார், ட்ரம்ப் 45-வது பிரசிடென்ட், அதனால இவர்தான் கோரேசுனு ஒரு பிரசங்கம் அமெரிக்கா முழுக்க ஓடுச்சு, நம்ம தமிழ் வாட்ஸ்அப் க்ரூப் வரைக்கும் வந்துச்சு. யோசிச்சு பாருங்க பிரதர், கோரேசுக்கு யூதர்கள் யாரும் ஓட்டு போடல. பாபிலோனை பிடிச்ச ராஜா, இவங்க கைதிகள், வேற வழியே இல்ல. தேவன் யாரை வேணும்னாலும் பயன்படுத்துவார்னு காட்டுற வேதபகுதி அது, நீ யாரைத் தேர்ந்தெடுக்கணும்னு சொல்ற பகுதி இல்ல. தேர்ந்தெடுக்கற பொறுப்பு மனுஷன் கையில இருக்கறப்போ பைபிள் என்ன சொல்லுதுனு பாக்கணும்னா யாத்திராகமம் 18:21-க்கு போங்க, எத்திரோ மோசேக்கு சொல்ற ஆலோசனை. தேவனுக்கு பயந்தவங்க, உண்மையுள்ளவங்க, பொருளாசையை வெறுக்கறவங்க, திறமையுள்ளவங்க. பக்தி மட்டும்னு இல்ல, திறமை மட்டும்னும் இல்ல. உபாகமம் 17-ல ராஜாவுக்கு சொல்ற நிபந்தனையையும் சேர்த்து படிங்க, குதிரைகளையும் மனைவிகளையும் வெள்ளி பொன்னையும் பெருக்கிக்கக் கூடாது, தன் சகோதரருக்கு மேலா மேட்டிமை கொள்ளக் கூடாது. தாவீதும் பாவம் பண்ணாரேனு சொல்றவங்களுக்கு ஒண்ணு, தாவீது கதையில நாத்தானும் இருக்கார். நீயே அந்த மனுஷன்னு ராஜா முகத்துக்கு நேரா சொன்னவர். நாத்தானை விட்டுட்டு தாவீதை மட்டும் எடுத்துக்க முடியாது.

ரெண்டாவது கேள்வி, கறுப்பர் சபை. கறுப்பின ப்ராட்டஸ்டன்ட்கள்ல பத்துக்கு எட்டு பேருக்கு மேல டெமாக்ரடிக் கட்சிக்குதான் போடுவாங்க, தேர்தலுக்கு தேர்தல் கொஞ்சம் ஏறும் இறங்கும். இவங்க விசுவாசத்துல தளர்ந்தவங்க இல்ல, ஜெபத்துலயும் சபைக்கு போறதுலயும் பைபிளை நம்பறதுலயும் அமெரிக்காவுலயே முன்னணியில இருக்கறவங்க இவங்கதான். நிறைய பேர் கருக்கலைப்பை பாவம்னே நினைக்கறவங்க. ஆனா இந்த சபைகள் பிறந்த கதையே வேற. ஃபிலடெல்ஃபியாவுல வெள்ளைக்காரங்க சபையில ஜெபத்துல முழங்கால்ல இருந்தவங்களை எழுப்பி தள்ளினதால வெளிய வந்தவங்கதான் ரிச்சர்ட் ஆலன் கூட்டத்தார், 1816-ல ஏஎம்இ (ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல்) சபையா அது உருவாச்சு. பிரசங்க மேடையில வேதத்தை பிடிச்சவங்களே அடிமை ஏலத்தையும் நடத்துன நாடு இது. அப்படி வந்த சபைக்கு யாத்திராகமம்னா பார்வோன் கையில இருந்து விடுதலை, ஓட்டுரிமைனா அலபாமாவுல செல்மா பாலத்துல ஊர்வலம் போய் அடி வாங்கி 1965-ல வாங்கினது. அதனால வேட்பாளர் வந்தா அவங்க கேக்கற முதல் கேள்வி, என் பிள்ளைக்கு நியாயம் கிடைக்குமா, எங்க ஓட்டை காப்பாத்துவியா. வெள்ளை எவாஞ்சலிக்கல் கேக்கற முதல் கேள்வி, பிறக்காத பிள்ளையை காப்பாத்துவியா, என் சபை சுதந்திரத்தை காப்பாத்துவியா. ரெண்டு கேள்வியுமே பைபிள்ல இருந்துதான் வருது. எந்த கேள்வி முதல்ல வரும்ங்கறதை அவங்கவங்க பட்ட பாடு முடிவு பண்ணுது. லிங்கன் 1865-ல ரெண்டாவது தடவை பதவியேத்தப்போ, ரெண்டு பக்கமும் ஒரே பைபிளை படிச்சு ஒரே தேவன்கிட்டதான் ஜெபிக்கறாங்கனு சொன்னது இன்னும் மாறல.

இதுல கத்தோலிக்கர்கள்கிட்ட இருந்து நாம ப்ராட்டஸ்டன்ட்கள் கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நான் சிஎஸ்ஐ-ல வளர்ந்தவன், தயங்காம சொல்றேன். 2004-ல கத்தோலிக்கரான ஜான் கெர்ரி டெமாக்ரடிக் வேட்பாளரா நின்னப்போ, கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கிற கத்தோலிக்கருக்கு நற்கருணை கொடுக்கலாமானு பெரிய சண்டை. அப்போ கார்டினல் ராட்சிங்கர் (அடுத்த வருஷம் போப் ஆனவர்) அமெரிக்க ஆயர்களுக்கு எழுதின குறிப்புல ஒரு வேறுபாடு சொன்னார். வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார்ங்கற அந்த காரணத்துக்காகவே அவருக்கு ஓட்டு போட்டா நீ அந்த தீமைக்கு உடந்தை. அதை நீ ஏத்துக்காம, வேற காரணத்துக்காக போட்டா அது தூரத்து உடந்தை, அதுக்கு ஈடான கனமான காரணம் இருந்தா அனுமதி உண்டு. எவ்வளவு நிதானமான யோசனை பாருங்க. அப்படியே திருப்பியும் போடலாம், ஒருத்தர் அகதியை வெறுக்கறார்ங்கறதுக்காகவே அவருக்கு போடறதும், அதை மனசார எதிர்த்துக்கிட்டு வேற கனமான காரணத்துக்காக போடறதும் ஒண்ணு இல்ல. அமெரிக்க ஆயர்கள் அப்புறம் கருக்கலைப்புதான் முதன்மையான பிரச்சனைனும் எழுதினாங்க, அதுக்காக மத்ததை தள்ளிடக்கூடாதுனும் எழுதினாங்க. 2024 செப்டம்பர்ல சிங்கப்பூர்ல இருந்து திரும்பற ஃப்ளைட்ல போப் பிரான்சிஸ்கிட்ட கேட்டப்போ, குடியேறிகளை விரட்டறவரும் சரி, பிள்ளைகளை கொல்ல விடறவரும் சரி, ரெண்டுமே உயிருக்கு எதிரானது, குறைஞ்ச தீமை எதுனு அவங்கவங்க மனசாட்சியோட யோசிச்சு முடிவு பண்ணுங்கனு சொல்லிட்டார். ஓட்டு போடாம இருக்காதீங்கனும் சொன்னார். பேர் சொல்லி கை காட்டல.

நம்ம தமிழ்க் கிறிஸ்தவங்க பக்கம் வருவோம். 2024-ல கமலா ஹாரிஸ் நின்னப்போ, அவங்க தாத்தா ஊர் துளசேந்திரபுரம் கோயில்ல பூஜை நடந்த வீடியோவை காட்டி, இவங்க இந்து, கிறிஸ்தவன் போடலாமானு ஒரு பேச்சு ஓடுச்சு. அவங்க அம்மா சென்னைப் பொண்ணு, இந்து, உண்மை. ஆனா அவங்க சான் ஃப்ரான்சிஸ்கோவுல பாப்டிஸ்ட் சபை அங்கத்தினர். கருக்கலைப்புல அவங்க நிலைப்பாடு பிடிக்கலேன்னு ஒருத்தர் போடாம இருந்தா அது காரணம். பொய்யை ஃபார்வர்ட் பண்ணி அதை நம்பி போடாம இருந்தா, அது பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாகங்கற கட்டளையை மீறினதுதான், அது எந்த கட்சிக்கு லாபமா இருந்தாலும் சரி.

இன்னொண்ணு, இந்தியாவுல நடக்கற துன்பத்தை இந்த பிரசிடென்ட் வந்தா தட்டிக் கேப்பார்னு நம்பி ஓட்டு போடறவங்க நம்ம சபைகள்ல இருக்காங்க. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு, ஆனா நடந்ததை பாருங்க. சர்வதேச மத சுதந்திரத்துக்கான அமெரிக்க கமிஷன், இந்தியாவை கவலைக்குரிய நாடா அறிவிக்கணும்னு 2020-ல இருந்து வருஷா வருஷம் பரிந்துரை பண்ணுது. ட்ரம்ப் முதல் ஆட்சியும் அறிவிக்கல, பைடன் ஆட்சியும் அறிவிக்கல. ஒரு லட்சத்துக்கும் மேல ஏழைப் பிள்ளைகளை படிக்க வச்ச கம்பேஷன்ங்கற அமெரிக்கக் கிறிஸ்தவ உதவி நிறுவனம் 2017-ல இந்தியாவை விட்டே போக வேண்டி வந்துச்சு. வியாபாரமும் சீனாவும் முன்னாடி வந்தா ரெண்டு கட்சிக்கும் இது பின்னாடி போயிடுது.

அதனால நான் என்ன பண்ண சொல்றேன்னா, அந்த நாற்காலியில உக்காந்தவர் கையில உண்மையா என்ன இருக்குனு முதல்ல பாருங்க. டாப்ஸுக்கு அப்புறம் கருக்கலைப்பு பெரும்பாலும் மாநிலத்து கையில போயிடுச்சு, கன்சாஸ் மாதிரி ரிபப்ளிக்கன் மாநிலத்துலயே 2022-ல ஜனங்க கட்டுப்பாட்டுக்கு எதிரா ஓட்டு போட்டாங்க, 2024-ல ரிபப்ளிக்கன் கட்சியே நாடு முழுக்கத் தடைங்கற கோரிக்கையை தன் அறிக்கையில இருந்து எடுத்துடுச்சு. பிரசிடென்ட் கையில இன்னும் மிச்சம் இருக்கறது நீதிபதி நியமனம், கருக்கலைப்பு மாத்திரை விஷயத்துல மருந்துத் துறை, வெளிநாட்டு உதவி விதிகள். அதே மாதிரி வருஷத்துக்கு எத்தனை அகதிகளை உள்ள விடறதுனு எண்ணிக்கையை நிர்ணயிக்கறது பிரசிடென்ட்தான், ஒபாமா கடைசியா 1,10,000 வச்சார், ட்ரம்ப் முதல் ஆட்சியில அது 15,000 வரைக்கும் இறங்குச்சு. அகதிகள்னா பாதி பேர் மனசுல வேற யாரோ வர்றாங்க, மியான்மர்ல இருந்து துரத்தப்பட்ட கிறிஸ்தவங்க ஆயிரக்கணக்குல அந்த வழியாத்தான் வந்தாங்க. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஜார்ஜ் புஷ் 2003-ல ஆரம்பிச்ச பெப்ஃபார் திட்டம் 2.5 கோடி உயிரை காப்பாத்துச்சுனு அமெரிக்க அரசே கணக்கு சொல்லுது, எவாஞ்சலிக்கல்கள் ஜெபிச்சு, அழுத்தம் கொடுத்து வந்த திட்டம் அது, என்னை கேட்டா அமெரிக்க சபை அரசியல்ல செஞ்ச ஆக நல்ல காரியம் அதுதான். அதையும் உயிர்க் கணக்குல சேருங்க. 2025-ல எவாஞ்சலிக்கல், கத்தோலிக்க அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில, அமெரிக்கக் கிறிஸ்தவர்கள்ல 12 பேருக்கு ஒருத்தர் நாடு கடத்தப்படற அபாயத்துல இருக்கார், இல்ல அப்படிப்பட்டவரோட ஒரே வீட்டுல இருக்கார்னு சொல்லியிருக்காங்க. அது நம்ம பக்கத்து பெஞ்சுல உக்காந்து ஆராதிக்கறவங்க.

எடைக்கல்லை வேட்பாளர் யாருனு தெரியறதுக்கு முன்னாடியே எடுத்து வைங்க. இப்பவே, பேரு எதுவும் மனசுல இல்லாதப்போ, எதுக்கு எவ்வளவு கனம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, உயிர், ஏழை, அந்நியர், சபை சுதந்திரம், உண்மை பேசறது, பெண்களை நடத்தற விதம், தோத்தா ஒத்துக்கற குணம், எல்லாம். இந்த கடைசி ஒண்ணை சும்மா சேர்க்கல, 2021 ஜனவரி 6-ல பார்லிமென்ட்டை உடைச்சுக்கிட்டு போன கூட்டத்துல சிலுவையும் இயேசு பேர் எழுதின கொடியும் இருந்துச்சு, உள்ள போனவங்க செனட் மேடையில நின்னு ஜெபமே பண்ணாங்க. அதைப் பாத்து வெட்கப்பட்ட மாதிரி நான் எதுக்கும் பட்டதில்ல. அப்புறம் 2028-ல பேர் வந்ததும் ரெண்டு பேரையும் அதே பேப்பர்ல வச்சு பாருங்க. ரெண்டுமே தேறலேன்னா மூணாவது ஆளுக்கு போடலாம், 2016-ல யூட்டா மாநிலத்துல மார்மன்கள் நிறைய பேர் இவான் மக்மல்லின்ங்கற சுயேச்சைக்கு போட்டாங்க, அஞ்சுல ஒரு ஓட்டு அவருக்கு விழுந்துச்சு. ஜான் பைப்பர்ங்கற போதகர் 2020-ல கருக்கலைப்பு மட்டும் இல்ல, தலைவனோட பெருமையும் பொய்யும் கூட தேசத்தை அழிக்கும்னு எழுதி ரெண்டு பேருக்குமே போடலனு சொன்னார். எந்த கட்சி ஜெயிக்கும்னு முன்னாடியே தெரிஞ்ச கலிஃபோர்னியாலயோ அலபாமாலயோ இருக்கறவருக்கு அந்த சுதந்திரம் அதிகம், பென்சில்வேனியால இருக்கறவர் ஓட்டு முடிவையே மாத்தலாம், அவர் இன்னும் பாரமா யோசிக்கணும்.

நான் அதிகமா வற்புறுத்தறது ஓட்டு போட்ட அடுத்த நாளைப் பத்தி. ஒரு அரசியல்வாதி தனக்கு ஓட்டு போடாதவன் கண்டிச்சா காதுல வாங்கமாட்டார். ஓட்டு போட்டவன் கண்டிச்சாதான் பயப்படுவார். அதனால ட்ரம்புக்கு போட்ட விசுவாசிதான் அகதிகளுக்காக பேசணும், டெமாக்ரட்டுக்கு போட்ட விசுவாசிதான் பிறக்காத பிள்ளைக்காக அந்த கட்சிக்குள்ள பேசணும். 2019 டிசம்பர்ல, பில்லி கிரகாம் ஆரம்பிச்ச கிறிஸ்டியானிட்டி டுடே பத்திரிகையில ட்ரம்பை பதவியில இருந்து நீக்கணும்னு ஆசிரியர் மார்க் காலி எழுதினப்போ வந்த கோபத்தை பாத்தீங்கன்னா, நாத்தானா இருக்கறது எவ்வளவு விலை கேக்கும்னு புரியும்.

பாஸ்டர் விஷயம். 1954-ல லிண்டன் ஜான்சன் கொண்டு வந்த சட்டத் திருத்தப்படி, வரிவிலக்கு வாங்குற சபை ஒரு வேட்பாளரை ஆதரிச்சோ எதிர்த்தோ பிரச்சாரம் பண்ணக்கூடாது. நடைமுறையில அரசு கண்டுக்கறதே இல்ல, 1992-ல கிளின்டனுக்கு ஓட்டு போடறது பாவம்ங்கற மாதிரி பத்திரிகைகள்ல விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலத்து சபை ஒண்ணுதான் வரிவிலக்கை இழந்ததா சொல்வாங்க. 2025 ஜூலையில வரித்துறையே டெக்சாஸ் வழக்கு ஒண்ணுல, ஆராதனையில சபையார்கிட்ட பேசறதுக்கு இது பொருந்தாதுனு சொல்லிடுச்சு. அதனால இனிமே மேடையில பேரையே சொல்ற பாஸ்டர்கள் அதிகமாவாங்க, தயாரா இருங்க. சட்டம் அனுமதிச்சாலும், கல்வாரியைப் பத்தி பேச வேண்டிய மேடையில வேட்பாளர் பேர் வந்தா, மத்த கட்சிக்கு போடற விசுவாசிக்கு அந்த சபையில இடம் இல்லனு சொல்ற மாதிரி ஆயிடுது. தீர்க்கதரிசனம்னு சொல்லி தேர்தல் முடிவு சொல்றவங்ககிட்ட இன்னும் ஜாக்கிரதை. 2020-ல ட்ரம்ப்தான் ஜெயிப்பார்னு கர்த்தர் சொன்னார்னு எத்தனை பேர் சொன்னாங்க, பொய்யாப் போச்சு, பகிரங்கமா மன்னிப்பு கேட்டவருக்கு விசுவாசிகள்கிட்ட இருந்தே கொலை மிரட்டல் வந்துச்சு.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம், இதை யாரும் புது சிட்டிசன்களுக்கு சொல்றதில்ல. நவம்பர்ல ரெண்டு பேர்ல ஒருத்தர்னு வர்றப்போதான் மனசாட்சி முழிக்குதுன்னா அது தாமதம். உண்மையான தேர்வு அதுக்கு பல மாசம் முன்னாடி, கட்சிகள் தங்களோட வேட்பாளரை ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கற ப்ரைமரியில இருக்கு. 2016-ல எவாஞ்சலிக்கல்களுக்கு முன்னாடி டெட் க்ரூஸ், மார்கோ ரூபியோ, பென் கார்சன்னு விசுவாசத்தை வெளிப்படையா பேசற பல பேர் இருந்தாங்க, நடத்தைதான் பிரச்சனைனு நினைச்சவங்களுக்கு அங்க வழி திறந்தே இருந்துச்சு, ஆனா சவுத் கரோலினாவுல எவாஞ்சலிக்கல் ஓட்டுலயே ட்ரம்ப்தான் முதல் இடம். குறைஞ்ச தீமைங்கற வாதம் நவம்பருக்கு பொருந்தலாம், ப்ரைமரிக்கு பொருந்தாது. டெக்சாஸ்ல கட்சி பதிவு இல்ல, எந்த கட்சி ப்ரைமரியில வேணும்னாலும் போய் போடலாம். பென்சில்வேனியால அந்த கட்சியில பதிவு பண்ணியிருந்தாத்தான் விடுவாங்க, அதுக்கு கடைசி தேதியும் தேர்தலுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். உங்க மாநிலம் எதுனு நீங்க எழுதல, அதனால உங்க கவுண்டி தேர்தல் ஆபீஸ் வெப்சைட்டுல பதிவு விவரத்தையும் ப்ரைமரி தேதியையும் 2027 முடியறதுக்குள்ள பாத்து வச்சுக்குங்க.